காபுகிச்சோவில் ஒரு மாலை: சிவப்பு வளைவை விட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

டோக்கியோவுக்கு வேலையாகவோ சுற்றிப் பார்க்கவோ வருகிற நம்மவர்கள் என்னிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "காபுகிச்சோவுக்குப் போகலாமா? மோசமான இடமாமே?" ஷின்ஜுகு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற இரவுக் கேளிக்கைப் பேட்டைதான் காபுகிச்சோ. தாராளமாகப் போகலாம். ஷின்ஜுகு ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன், வீடு நிஷி-கசாயில். ஆபீஸ் முடிந்து ரயிலுக்குப் போகிற வழியில் காபுகிச்சோவைக் குறுக்கே கடந்து நடப்பது பழக்கமாகிவிட்டது. ஊரிலிருந்து வந்தவர்களையும் எத்தனையோ முறை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன்.

அதில் ஒன்று தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு நேராகப் போய், அதன் வாசலில் இருக்கும் சிவப்பு நியான் வளைவின் கீழ் நின்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. இல்லையென்றால் யாராவது பேச்சுக் கொடுத்து ஒரு மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்த இடம் உருவான வரிசையிலேயே நடந்து போனவர்களோ திரும்பி வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நவம்பர், டிசம்பர் என்றால் ரொம்ப நல்லது. நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். மதியம் மூன்று மணிக்கு ஷின்ஜுகுவின் மேற்கு வாசலில் இறங்கிவிடுங்கள். காபுகிச்சோ கிழக்குப் பக்கம்தான், தெரியும். ஆனாலும் மேற்கே தொடங்க ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் குளத்தின் அடியில் நடங்கள்

மேற்கு ஷின்ஜுகுவின் வானளாவிய கட்டிடங்களுக்கு நடுவே நடக்கும்போது ரோட்டைக் கவனியுங்கள். ஒரு ரோடு கீழே போகும், அதற்குக் குறுக்கே இன்னொன்று பாலம் போல மேலே போகும். புதிதாக வந்தபோது ஆபீஸுக்கு வழி கேட்டால் எல்லோரும் "மேல் ரோடா, கீழ் ரோடா" என்று கேட்பார்கள், எனக்கு ஒன்றும் விளங்காது. பிறகுதான் தெரிந்தது, அந்த இடம் முழுக்க யோதோபாஷி நீர் சுத்திகரிப்பு நிலையமாக இருந்தது என்று. 1898-இல் தொடங்கி 1965 வரை டோக்கியோவுக்குக் குடிநீர் கொடுத்த இடம். கீழ் ரோடு பழைய குளங்களின் அடிமட்டத்தில் போகிறது, மேல் ரோடு கரை மட்டத்தில். அருகிலுள்ள ஷின்ஜுகு மத்தியப் பூங்காவில் அந்த நிலையத்தின் அறுகோண மண்டபம் ஒன்று இன்னும் நிற்கிறது. அங்கே பத்து நிமிடம் உட்காருங்கள்.

அந்தக் குளங்களைத் தோண்டிய மண் எங்கே போனது? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ட்சுனோஹாசு என்று அழைக்கப்பட்ட பகுதியில் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலம் ஒன்று இருந்தது. வாத்துகள் வந்து இறங்குகிற இடம். இந்த மண்ணைக் கொண்டுபோய் அந்தச் சதுப்பை மேடாக்கினார்கள். அதுதான் இன்றைய காபுகிச்சோ. என் ஆபீஸ் இருந்த இடத்து மண்ணின் மேல்தான் அத்தனை நியான் விளக்கும் எரிகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெருக்கள் எனக்கு வேறு மாதிரிப் பட்டன.

இனி கிழக்கே வாருங்கள். ஓமோய்தே யோகோச்சோ என்ற புகை மண்டிய சந்து ஒன்றை ஒட்டி, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்தால் யாசுகுனி-தோரி என்ற அகலமான ரோடு வரும். இடது கைப் பக்கம் தெரிகிற எல்லாமே காபுகிச்சோ. சிவப்பு வளைவு கண்ணைப் பறிக்கும். இப்போது அதில் நிற்க வேண்டாம், தாண்டிப் போங்கள்.

கலைமகளைக் கண்டுபிடியுங்கள்

தேட வேண்டியது ஓஜோ கட்டிடம். 1964-இல் கட்டியது, செங்கல் கோட்டை மாதிரி இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அதன் பக்கத்தில் கையகலப் பூங்கா, அதற்குள் ஒரு சின்னக் கோயில். உள்ளே இருப்பவள் பென்சாய்தென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் வந்தவள், இங்கே வீணைக்குப் பதில் பிவா வைத்திருக்கிறாள். ஜப்பானில் அவளைப் பெரும்பாலும் தண்ணீர்க் கரையில்தான் வைப்பார்கள். இங்கே தண்ணீர் இல்லையே என்று கேட்டால், இருந்தது என்பதற்கு அவளே சாட்சி. சதுப்பு போய்விட்டது, அதன் கரையில் இருந்தவள் போகவில்லை.

அக்காவையும் அத்தானையும் அங்கே கூட்டிப் போனபோது அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். பக்கத்தில் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சமையல்காரர் சட்டென்று அதை அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். யாரும் யாரோடும் பேசவில்லை. காபுகிச்சோ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நிமிடம்தான்.

சதுக்கத்தில் நின்று பெயரைக் கேளுங்கள்

அங்கிருந்து சினி சிட்டி சதுக்கத்துக்குப் போங்கள். போகும்போது தெருக்களின் அமைப்பைப் பாருங்கள். நேராக ஓடும் தெரு ஒன்று ஏதாவது ஒரு கட்டிடத்தின் முகத்தில் போய் முட்டி நிற்கும், நீங்கள் இடமோ வலமோ திரும்பியாக வேண்டும். இது தற்செயலாக ஆனதல்ல, வேண்டுமென்றே செய்தது. நடக்கிறவர் வேகமாகக் கடந்து போய்விடாமல் மெல்லச் சதுக்கத்துக்குள் வந்து சேரட்டும் என்று திட்டமிட்டவர் இஷிகாவா ஹிதேயாகி, டோக்கியோ நிர்வாகத்தின் நகரமைப்பு வல்லுநர்.

அவரிடம் போனவர் சுசுகி கிஹேய், அந்தப் பகுதியின் குடியிருப்போர் சங்கத் தலைவர். 1945 குண்டுவீச்சில் அந்த இடம் எரிந்து சாம்பலாகிவிட்டது. சிதறிப்போன அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் அனுப்பி, நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் புது ஊர் கட்டலாம் என்று அழைத்தார் சுசுகி. அவர் கனவு கண்டது குடும்பத்தோடு வந்து நாடகமும் சினிமாவும் பார்த்துவிட்டுப் போகிற ஓர் இடம். நடுநாயகமாகக் காபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்துக்கு ஓர் அரங்கம். அதை நம்பித்தான் இஷிகாவா 'காபுகிச்சோ' என்ற பெயரைச் சொன்னார், 1948 ஏப்ரல் 1 முதல் அதுவே ஊர்ப்பெயர் ஆனது. காசும் இல்லை, அப்போதைய கட்டுமானக் கட்டுப்பாடுகளும் விடவில்லை. காபுகி அரங்கம் வரவே இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சிலர் இதைத் தோற்றுப்போன திட்டம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீடு எரிந்த சில மாதங்களில் ஊருக்கு ஆட்டமும் பாட்டும் வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். 1956-இல் இங்கே கோமா அரங்கமும் மிலானோ-சா சினிமாவும் திறந்தன. கோமா அரை நூற்றாண்டுக்கு எங்கா என்ற ஜப்பானிய மெல்லிசைப் பாட்டு வகைப் பாடகர்களின் மேடையாக இருந்து 2008 கடைசி நாளில் மூடியது. அந்த இடத்தில்தான் 2015 முதல் தோஹோ கட்டிடம், மேலே காட்ஸில்லா தலை. மிலானோ-சா இருந்த இடத்தில் 2023-இல் எழுந்தது 48 மாடி தோக்யு டவர். சினிமா இன்னும் இரண்டு இடத்திலும் இருக்கிறது, தோக்யு டவரில் மேடையும் இருக்கிறது. சுசுகி கேட்டதில் பாதி நடந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சதுக்கத்தைச் சுற்றிய தேநீர்க் கூடங்கள், அரங்குகளில் கணிசமானவற்றைப் போருக்குப் பின் கட்டியவர்கள் தைவானிலிருந்து வந்தவர்கள். பழைய வசதி படைத்தவர்கள் கைவைக்கத் தயங்கிய நிலத்தில், வேறு இடத்தில் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் துணிந்து காசைப் போட்டார்கள். 1967-இல் திறந்த ஃபூரின் கைகான் கட்டிடம் அப்படி வந்ததுதான், போகிற வழியில் பாருங்கள்.

தோஹோ கட்டிடத்தின் பக்கத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்கள் அவர்களில் பலர். தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்.

விளக்கு எரிந்த பிறகு

இப்போது இருட்டியிருக்கும். சிவப்பு வளைவுக்குத் திரும்பிப் போய் வேண்டிய மட்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல்தான் கவனம் தேவை, ஒரே ஒரு விதி போதும்: கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள். ஒலிபெருக்கியில் அதைத்தான் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். அழைப்பவர் ஆணோ பெண்ணோ, ஜப்பானியரோ வெளிநாட்டவரோ, ஆங்கிலத்தில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி. பதில் சொல்லாமல், நடையை நிறுத்தாமல் போய்விடுங்கள். "நோ தேங்க்ஸ்" என்று நின்றாலே பேச்சு வளர்ந்துவிடும்.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன், ஜப்பான் வந்து மூன்றாவது வாரம், "ஒரு மணி நேரம் 3,000 யென்" என்றவரோடு போய்விட்டான். இரண்டு பீர், ஒரு தட்டு கடலை. பில் 94,000 யென். கழிப்பறையிலிருந்து நடுங்கிக்கொண்டே எனக்குப் போன் செய்தான். கார்டை நீட்டாதே, கோபானுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வா என்றேன். கோபான் என்றால் தெருமுனைப் போலீஸ் சாவடி, காபுகிச்சோவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் நின்று பேசியதில் தொகை 20,000-க்கு இறங்கியது. இதற்கு ஜப்பானியர்கள் சொல்கிற வார்த்தை 'போத்தகுரி'. இதைத் தடுக்கவே டோக்கியோ 2000-இல் தனி விதி கொண்டுவந்தது. விலைப்பட்டியல் வாசலில் தெளிவாக இருக்கிற, நீங்களே தேர்ந்தெடுத்த கடைக்குள் மட்டும் நுழையுங்கள்.

மாடிக்கு ஏறுவதற்கு முன் படிக்கட்டைப் பாருங்கள். இதை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. 2001 செப்டம்பர் 1 அதிகாலை, இங்கே மியோஜோ 56 என்ற சின்னக் கட்டிடத்தில் தீப்பிடித்து 44 பேர் இறந்தார்கள். உள்ளே ஒரே ஒரு படிக்கட்டு, அதிலும் சாமான்கள் அடைத்துக்கிடந்தன. அதன் பிறகுதான் நாடு முழுவதும் தீயணைப்புச் சட்டம் கடுமையானது. அடுத்த பிப்ரவரியில் தெருக்களில் 50 கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன. இன்று பெரும்பாலான இடங்கள் ஒழுங்காக இருக்கின்றன. ஆனாலும் படியில் பெட்டிகள் அடுக்கியிருந்தால் திரும்பிவிடுங்கள், வேறு கடை ஆயிரம் இருக்கிறது.

ஹோஸ்ட் கிளப் என்றால் பெண் வாடிக்கையாளர்களோடு இளைஞர்கள் உட்கார்ந்து பேசி மது வாங்கவைக்கிற இடம். அதன் விளம்பரங்களில் சிரிக்கும் இளைஞர்களின் முகங்கள் கட்டிடம் உயரத்துக்கு இருக்கும். அந்தக் கிளப்புகளில் கடன் ஏறி வாழ்க்கையைத் தொலைத்த பெண்கள் இருக்கிறார்கள். 2025-இல் சட்டத்தை இறுக்கியதும் அதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

கோல்டன் காயில் ஒரு நாற்காலி

கிழக்கே ஷிகி நோ மிச்சி என்ற மரங்கள் நிறைந்த நடைபாதை வளைந்து போகும். ஒருகாலத்தில் டிராம் ஓடிய தடம், வளைவு அதனால்தான். அதன் வழியாகப் போனால் கோல்டன் காய். ஆறு சந்துகள், இரண்டு மாடி மரக் கட்டிடங்கள், 200-க்கும் மேற்பட்ட பார்கள். ஒன்றில் ஆறேழு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். போருக்குப் பின் ஸ்டேஷன் பக்கம் இருந்த தெருக்கடைகளை 1949-இல் அகற்றச் சொன்னபோது இங்கே இடம்பெயர்ந்தவர்கள் தொடங்கிய பேட்டை. 1958-இல் விபச்சாரத் தடைச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை மாடியில் அந்தத் தொழிலும் நடந்தது. பிறகு பத்திரிகைக்காரர்கள், எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எண்பதுகளில் நிலத்தை வளைக்க வந்தவர்கள் கொடுத்த நெருக்கடியில், யாரும் தீ வைத்துவிடக் கூடாதென்று ராத்திரி காவல் இருந்து இதைக் காப்பாற்றியவர்கள் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும்தான்.

எட்டு மணிக்கு முன் போனால் இடம் கிடைக்கும். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். கதவில் 'சார்ஜ்' எவ்வளவு என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் ஆளுக்கு 500-இலிருந்து 1,500 யென் வரை. அது உட்காருகிற காசு, குடிப்பதற்குத் தனி. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்றிருந்தால் தட்டாதீர்கள். குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், "ஊலாங்-ச்சா" என்று கேட்டால் வெறும் தேநீர் வரும். ஒரு மணி நேரத்தில் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள். சந்துகளில் படம் எடுக்குமுன் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே கஷ்டம், சூப்பில் மீன் இருக்கும். வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஷின்-ஓகுபோ, அங்கே நேபாளிக் கடைகளில் பருப்புச் சோறு கிடைக்கும்.

கோல்டன் காயை ஒட்டியே ஹனசோனோ கோயில். பழைய நாட்காட்டியில் நாட்களுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர் சுழற்சியாக வரும்; நவம்பரில் சேவலுக்குரிய நாட்களில் தோரி நோ இச்சி திருவிழா நடக்கும். சருகு வாருகிற மூங்கில் வாரியில் பொம்மை, பொன்காசு எல்லாம் கட்டி, வியாபாரம் செழிக்க வாங்கிப் போவார்கள். ஒவ்வொன்று விற்கும்போதும் கடைக்காரர்கள் சேர்ந்து கைதட்டுவார்கள். பார் நடத்துகிற அம்மாக்கள், சமையல்காரர்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அந்த நாள் வாய்த்தால் மற்றதை விட்டுவிட்டாவது போங்கள்.

ரயில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பாதை மாறிப் போகிறவர்கள் பதினொன்றரைக்கே கிளம்புவது நல்லது. தவறவிட்டால் டாக்சியில் ராத்திரிக் கட்டணம் கூடும்; நான் ஒருமுறை விடியும்வரை ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு முதல் ரயிலைப் பிடிக்க சதுக்கம் வழியாக நடந்தபோது விளக்குகள் அணைந்து, காக்கைகள் குப்பைப் பைகளைக் கிளறிக்கொண்டிருந்தன. ஏப்ரன் கட்டிய ஒரு பெரியவர் ரப்பர் குழாயால் தன் கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெருவின் சரிவில் ஓடிச் சதுக்கத்தின் ஓரத்தில் தேங்கியது. என்னைப் பார்த்ததும் குழாயை ஒதுக்கி வழிவிட்டு, காலை வணக்கம் சொன்னார்.