ஒன்றாம் பாகத்தில் தொடங்காதீர்கள்: பிள்ளைகளுக்கு ஸ்டார் வார்ஸ் காட்டும்போது நேரும் தவறுகள்

போன மாதம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, பாப்பாவுக்கு ஏழு வயது ஆகிவிட்டது. இந்த விடுமுறையில் ஸ்டார் வார்ஸ் காட்டப் போகிறோம். அவர் ஒன்றாம் பாகத்தை எடுத்து வைத்திருக்கிறார்" என்றாள். "முதலில் அதை நிறுத்தச் சொல்" என்று கத்திவிட்டேன். என் மூத்த மகளுக்கு நான் செய்த அதே தவறு.

தூக்க நேரத்தில் காட்டாதீர்கள், ஒரே நாளில் இரண்டு படம் வேண்டாம் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. (இந்த விண்வெளிப் படத் தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். கதையின் முடிச்சுகள் கீழே அவிழ்கின்றன.)

எண் வரிசையில் காட்டுவது

1977இல் வந்த முதல் படத்துக்குப் பிற்பாடுதான் நான்கு என்ற எண் ஒட்டியது. ஐந்து 1980இல் வந்தது, ஆறு 1983இல். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டவை 1999, 2002, 2005இல்தான் வந்தன. பழைய படங்களின் முடிச்சு எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எடுத்தவை அவை. அவற்றை முதலில் பார்க்கும் பிள்ளைக்கு கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர் யார், நாயகன் லூக்கும் இளவரசி லெயாவும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதெல்லாம் மூன்றாம் பாகத்திலேயே தெரிந்துவிடும்.

யோடாவும் வீணாகிப் போகிறார். ஐந்தாம் பாகத்தில் சேற்றுக்காட்டில் ஒரு குள்ள உருவம் லூக்கின் சாப்பாட்டை எடுத்துத் தின்கிறது, சின்ன விளக்குக்காக ரோபோவுடன் மல்லுக்கட்டுகிறது. லூக் எரிச்சலடைகிறான். தான் தேடி வந்த பெரிய குரு அவர்தான் என்பது அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியக்கூடாது. என் மகளோ, "அவர்தானே யோடா, லூக்குக்குத் தெரியாதா அப்பா?" என்று கேட்டாள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. வேடர் கை நீட்டி, "நான்தான் உன் தந்தை" என்று சொல்லும் காட்சி. அவள் பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த நிமிடம். அவள் கிண்ணத்தில் வேர்க்கடலைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த ஒரு வரியைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள்! வேடர் உடைக்குள் இருந்த டேவிட் பிரவுஸுக்குப் படப்பிடிப்பில் கொடுத்தது, ஓபி-வான்தான் (லூக்கின் முதல் குரு) உன் தந்தையைக் கொன்றான் என்ற பொய் வசனம். லூக்காக நடித்த மார்க் ஹாமிலிடம் உண்மையைக் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்புதான் இயக்குநர் சொன்னார். பிறகு குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்கூட வசனத்தைப் படித்ததும் வேடர் பொய் சொல்கிறான் என்றே நினைத்தாராம். அப்படிப் பொத்தி வைத்ததை, பெட்டியின் மேல் ஒன்று என்று போட்டிருக்கிறது என்பதற்காக நான் போட்டு உடைத்தேன். அந்த அதிர்ச்சி ஒரு மனிதருக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இனி என் மகளுக்கு அதை என்னால் தர முடியாது.

நான்கு, ஐந்து, ஆறு. அதன் பிறகு ஒன்று, இரண்டு. இளையவனுக்கு இந்த வரிசையில்தான் காட்டினேன். அதே காட்சியில் என் மடியிலிருந்து இறங்கி நின்று, "பொய்தானே அப்பா? அவன் பொய் சொல்கிறான்தானே?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஆறாம் பாகத்தில் யோடா சொல்லும்வரை அவன் நம்பவே இல்லை.

பொம்மையை முன்கூட்டி வாங்குவது

படம் போட்ட புத்தகமும் பொம்மைப் பெட்டியும் இரகசியத்தை அட்டையிலேயே சொல்லிவிடும். ஆறாம் பாகம் முடியட்டும்.

மூன்றாம் பாகம்

பத்து வயதுக்கு முன் வேண்டாம்.

தொடக்க எழுத்துகளை ஓடவிடுவது

விண்வெளியில் மேலேறிப் போகும் அந்த ஆங்கில வரிகளை ஏழு வயதுப் பிள்ளையால் படித்து முடிக்க முடியாது. முதல் நாளே நீங்கள் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, இசை ஒலிக்கும்போது உரக்கப் படியுங்கள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இடைவெளி விடுவது

ஐந்தாம் பாகத்தில் லூக்கின் நண்பன் ஹான் சோலோவை உயிரோடு உறைய வைத்துக் கொண்டுபோய்விடுவார்கள். படம் அப்படியே முடியும். 1980இல் பார்த்தவர்கள் அடுத்த படத்துக்கு மூன்று வருடம் காத்திருந்தார்கள். பிள்ளையால் முடியாது. "உள்ளே அவனால் மூச்சு விட முடியுமா அப்பா?" என்று இளையவன் நள்ளிரவில் என்னை எழுப்பினான். மறுநாள் காலை பல் துலக்கியதும் ஆறாம் பாகத்தைப் போட்டேன்.