பூங்காப் படங்களுக்கு மீடியம் ஃபார்மேட்: பையில் எதை வைப்பது?

மே மாத மலர்க் கண்காட்சிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஊட்டிக்குப் போகிறீர்கள். கையில் மீடியம் ஃபார்மேட் கேமரா (வழக்கமான 35 மி.மீ.யை விடப் பெரிய ஃபிலிம் அல்லது சென்சார் கொண்டது) இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. மெகாபிக்சலைப் பிறகு பார்க்கலாம். பூவுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும், அதுதான் முதல் கேள்வி.

1. மிகக் குறைந்த ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள்

ஃபிலிம் கேமராக்களில் மமியா 7 எடை குறைவு, லென்ஸ் பிரமாதம். ஆனால் 80 மி.மீ. லென்ஸ் 1 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் சுமார் முக்கால் மீட்டர் அகலம் படத்தில் விழும், 10 செ.மீ. செம்பருத்தி அதில் ஏழில் ஒரு பங்குதான். பாத்திகளுக்குச் சரி, பூவுக்கு ஆகாது.

ஹாசல்பிளாட் 80 மி.மீ. லென்ஸும் 0.9 மீட்டரில் நின்றுவிடும். ஆனால் 21 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வளையம்) மாட்டினால், லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில், அதாவது மிகத் தொலைவில், வைத்தாலே சுமார் 21 செ.மீ. அகலப் பரப்பு ஃபிரேமை நிரப்பும். அப்போது வெளிச்சம் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). கையில் வைத்து வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு இது தெரியாது, நீங்கள்தான் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். மறந்தால் ரோல் முழுக்க இருட்டு.

மமியா ஆர்பி67-இல் பெல்லோஸ் (லென்ஸை முன்னே நீட்டும் மடிப்புத் துருத்தி) இருப்பதால் டியூப் இல்லாமலே நெருங்கலாம். லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் ஏற்றத்தில் அதைத் தோளில் மாட்டிப் பாருங்கள், புரியும்.

டிஜிட்டல் என்றால் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் II, கூடவே 35–70 மி.மீ. லென்ஸ். இரண்டும் சேர்ந்து 1.3 கிலோ, 35 செ.மீ. வரை நெருங்கும். முதல் பயணத்துக்கு எங்கள் சிபாரிசு இதுதான்.

2. வெளிச்சக் கணக்கு

70 மி.மீ. லென்ஸில் அரை மீட்டரிலிருந்து, லென்ஸ் துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) கூர்மையாக வருவது 4 செ.மீ. ஆழத்துக்கும் குறைவு. எஃப் 5.6-இல் ஓர் இதழ் மட்டும் தெளிந்து மகரந்தம் மங்கிப்போகும். ஆக எஃப் 11. மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-க்கு ஷட்டர் 1/30 நொடி அளவில்தான் கிடைக்கும். காற்றில் ஆடும் பூவுக்குக் குறைந்தது 1/125 வேண்டும். அதனால் ஃபிலிம் வாங்கினால் 400. டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றுங்கள். போலரைசர் ஃபில்டர் இலைப் பளபளப்பை எடுத்துவிடும், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் தின்னும். காற்று இல்லாதபோது மட்டும் மாட்டுங்கள்.

சிவப்புப் பூக்களுக்கு கேமரா திரையில் வரும் மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நம்பாதீர்கள். சிவப்பு சேனல் மட்டும் தனியாக அளவு மீறி வெடித்திருக்கும், இதழ் வழவழவென்று பிளாஸ்டிக் போல வரும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு உள்ளே வரும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

3. தாங்கி

ட்ரைபாடுக்குத் தனி அனுமதி கேட்கும் பூங்காக்கள் உண்டு. டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காலித் துணிப்பை ஒன்று போதும். இறங்கிய ஊரில் ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, கைப்பிடிச் சுவரில் வைத்து மேலே கேமராவை அமுக்குங்கள். எஸ்எல்ஆர் வகை (உள்ளே கண்ணாடி உள்ள) ஃபிலிம் கேமரா என்றால், 1/30 முதல் 1/8 வரை மிரர் லாக் போட்டே, அதாவது கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தியே, எடுங்கள். அந்தப் பெரிய கண்ணாடியின் அதிர்வுதான் பல படங்களைக் கெடுக்கிறது.

4. சென்னை ஈரம்

திரும்பும்போது ஏசி பெட்டியிலிருந்து சென்ட்ரல் நடைமேடையில் இறங்கியதும் பையைத் திறந்தால் லென்ஸ் பனித்துவிடும். கேமராவை ஜிப் கவரில் மூடி, அரை மணி நேரம் வெளிக்காற்றில் விட்டுப் பிறகு எடுங்கள். வீட்டில் டிரை கேபினட் (ஈரம் உறிஞ்சும் கேமரா அலமாரி) 40–50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும்.

கிளம்புவதற்கு முன் கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவில் ஒரு ரோல் ஓட்டிப் பாருங்கள். 6×6 செ.மீ. ஃபிரேம் உள்ள ஹாசல்பிளாடில் 12 படம், 6×7 உள்ள இரண்டு மமியாவிலும் 10. ரோல் மாற்றுவது நிழலில்தான். முடிந்த ரோலின் சுற்று தளராமல் இறுக்கிப் பிடித்துத் தாளை ஒட்டுங்கள். தளர்ந்தால் வெயில் ஓரமாக உள்ளே போய்ப் படத்தின் விளிம்பை வெளுக்கும்.