பாண்டாஸின் ‘துண்டுதுண்டான டேட்டாஃபிரேம்’ எச்சரிக்கை: அடக்காமல் நிரலைத் திருத்துவது எப்படி?

பைத்தானில் பாண்டாஸ் என்ற நூலகத்தைக் கொண்டு தரவைக் கையாள்பவர்கள், டேட்டாஃபிரேம் (வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணை) மிகவும் துண்டுதுண்டாகிவிட்டது என்று சொல்லும் ‘பெர்ஃபார்மன்ஸ் வார்னிங்’ திரையை நிறைப்பதைப் பார்த்திருப்பார்கள். நிரலின் தொடக்கத்திலேயே ‘ஃபில்டர்வார்னிங்ஸ்’ வழியாக எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கிவிடுவது பலருடைய வழக்கம். அதனால் திரை சுத்தமாகுமே தவிர, வேகம் இம்மியும் கூடாது. ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருப்பதைச் சொல்லும் ‘டிடைப் வார்னிங்’கும் சேர்ந்து மறைந்துவிடுவதால், பிறகு இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது குறியீடுகள் ஏன் பொருந்தவில்லை என்று தெரியாமல் திண்டாட நேரும்.

எச்சரிக்கையின் காரணம் எளிது. ஒரே வகைத் தரவு கொண்ட நெடுவரிசைகளைப் பாண்டாஸ் இயன்றவரை ஒரே தொகுதியாக நினைவகத்தில் வைக்கிறது. லூப்புக்குள் நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தனித் தொகுதியாகிறது. தொகுதிகள் 100ஐத் தாண்டியதும் எச்சரிக்கை வருகிறது.

முதலில், எந்த வரி இதை எழுப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘சிம்பிள்ஃபில்டர்’ செயற்கூற்றில் இந்த ஒரு வகை எச்சரிக்கைக்கு மட்டும் ‘எரர்’ என்று கொடுத்தால், நிரல் அந்த இடத்திலேயே நின்று, வரி எண்ணைக் காட்டிவிடும்.

கடைவாரியான அன்றாட விற்பனைத் தரவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் நாளுக்கு ஒரு வரிசை, தேதிப்படி அடுக்கப்பட்டுள்ளது. முந்தைய 150 நாள்களின் விற்பனையை 150 நெடுவரிசைகளாகச் சேர்க்கும் லூப், ஒவ்வொரு சுற்றிலும் ‘குரூப்பை’ மூலம் கடைவாரியாகப் பிரித்து, ‘ஷிஃப்ட்’ மூலம் மதிப்புகளை உரிய நாள்கள் கீழே நகர்த்தி, மூல அட்டவணையிலேயே எழுதுகிறது. இதைத் திருத்த, குரூப்பையை லூப்புக்கு வெளியே ஒருமுறை மட்டும் செய்துகொண்டு, லூப்புக்குள் வரும் ஒவ்வொரு விடையையும் ஒரு டிக்‌ஷனரியில் சேர்த்துவைத்து, லூப் முடிந்ததும் அதைப் புதிய டேட்டாஃபிரேமாக்கி, ‘கான்கேட்’ கொண்டு மூல அட்டவணையுடன் ஒரே முறை பக்கவாட்டில் இணைக்க வேண்டும். டிக்‌ஷனரியில் இருப்பவை இண்டெக்ஸ் (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள அடையாளம்) இல்லாத நம்பை அரேக்களானால், புதிய டேட்டாஃபிரேமுக்கு மூல அட்டவணையின் இண்டெக்ஸையே கொடுக்க மறக்கக் கூடாது. ஏற்கெனவே வடிகட்டப்பட்ட அட்டவணையில் இண்டெக்ஸ் இடையிடையே விட்டுப்போயிருக்கும் என்பதால், கொடுக்காவிட்டால் மதிப்புகள் தவறான வரிசையில் போய் உட்காரும்.

எச்சரிக்கைச் செய்தியே பரிந்துரைக்கும் ‘காப்பி’ அரைகுறை மருந்துதான். அது துண்டுகளை ஒன்றாக்கும். ஆனால் லூப்பில் ஏற்கெனவே செலவான நேரம் திரும்பாது.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த 150 நெடுவரிசைகளும் உண்மையில் தேவையா என்பது. இறுதியில் அவற்றின் சராசரி மட்டுமே பயன்படுகிறது என்றால், கடைவாரியாக ஒரு நாள் ‘ஷிஃப்ட்’ செய்து, அதன்மேல் மறுபடியும் கடைவாரியாக 150 அளவில் ‘ரோலிங்’ (நகரும்) சராசரி எடுத்தால் போதும்; லூப்பே வேண்டாம். ஆனால் நெடுவரிசைகளின் சராசரி வெற்று மதிப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிடும். ரோலிங்கோ 150 மதிப்புகளும் நிரம்பும்வரை விடை தராது. பழைய விடையே வர வேண்டுமானால், குறைந்தபட்ச எண்ணிக்கையைக் குறிக்கும் ‘மின் பீரியட்ஸ்’ 1 என்று இருக்க வேண்டும்.

வரிசைகளிலும் இதே நோய் உண்டு. டேட்டாஃபிரேமின் ‘அப்பெண்ட்’ 1.4 பதிப்பில் கைவிடப்படுவதாக எச்சரிக்கப்பட்டு, 2023இல் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டது. எச்சரிக்கை போனால் சரி என்று பலர் அதே லூப்புக்குள் கான்கேட்டை வைத்தார்கள். சத்தம் நின்றது, வேலை குறையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பழைய வரிசைகள் முழுதும் மறுபடி நகலெடுக்கப்படுவதால், 10,000 வரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கையில் சுமார் 5 கோடி வரிசை நகல்கள் நடக்கின்றன. லிஸ்ட்டில் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே டேட்டாஃபிரேமாக்குவதே சரி.

திருத்திய பின், பழைய நிரலின் விடையையும் புதியதையும் ‘அசர்ட் ஃபிரேம் ஈக்வல்’ கொண்டு சிறிய மாதிரித் தரவில் ஒப்பிட்டுவிட்டு, முழுத் தரவில் நேரத்தை அளந்து பாருங்கள். எச்சரிக்கை நம் கையில் இல்லாத வேறொரு நூலகத்திலிருந்து வருவதானால் அடக்குவதில் தவறில்லை. அப்போதும் ‘கேட்ச் வார்னிங்ஸ்’ கொண்டு அந்த ஓர் அழைப்பை மட்டும் சூழ்ந்து, இந்த ஒரு வகையை மட்டும் அடக்க வேண்டும்.