கிருமி எதிர்ப்புப் பூச்சுள்ள பல் இம்ப்ளான்ட்: எங்கெல்லாம் தப்புக் கணக்குப் போடுகிறோம்?

"இது ஆன்டிபாக்டீரியல் கோட்டிங் போட்டது, கொஞ்சம் விலை கூட, ஆனா இன்ஃபெக்‌ஷன் பயமே வேண்டாம்" என்று, போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இறக்கும் டைட்டானியத் திருகான பல் இம்ப்ளான்டைக் காட்டி யாராவது சொன்னால், பதிலுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பூச்சு எத்தனை நாள் வேலை செய்யும்?

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஜென்டாமைசின், குளோர்ஹெக்சிடின் போன்ற மருந்தைக் கசியவிடும் பூச்சுகளில், மருந்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வெளியேறிவிடும். மிச்சம் சில வாரங்கள் சொட்டும். அறுவைப் புண் ஆறி, எலும்பு டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை காவல் இருப்பதுதான் அதன் வேலை. இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கரையும் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் பெரும்பாலும் சில வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது அந்த மருந்து மிச்சமிருக்காது.

வெள்ளி, துத்தநாகம் கலந்த பூச்சுகள் கூடுதல் நாள் தாங்கும் என்பது உண்மை. ஆனால் வாயில் வைத்த சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் மெல்லிய படலமாக மேலே படிந்துவிடுகின்றன. கிருமி அந்தப் படலத்தில்தான் ஒட்டுகிறது. சரி, வெள்ளியின் அளவைக் கூட்டலாமே என்றால், அது எலும்புச் செல்களையும் சேர்த்துக் கொல்லும்.

அடுத்தது, விளம்பரத் தாளில் இருக்கும் '99.9% கிருமி சாகும்' என்ற கணக்கு. ஐஎஸ்ஓ 22196 போன்ற சர்வதேசத் தரச் சோதனையில் தட்டையான ஒரு துண்டின் மேல் ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளை விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். வாய்க்குள் நடப்பது வேறு. முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் குடியேறும், பிறகு ஃபுசோபாக்டீரியம் பாலம் போடும், அதன் மேல் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் வந்து சேரும். இந்தக் கூட்டுப் படலத்தைக் கலைப்பது தனித்தனிக் கிருமியைக் கொல்வதைவிடப் பல மடங்கு கடினம். இத்துறை ஆய்வுகளில் பெரும்பகுதி இன்னும் சோதனைக்கூடத்திலும் விலங்குகளிலும்தான் நிற்கிறது. மனிதர்களில் எத்தனை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு குறைந்தது என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

பூச்சு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கிருமி உள்ளே போகும் வழி ஈறு தழுவும் கழுத்துப் பகுதி. திருகின் உடலில் மட்டும் பூசியிருந்தால் வாசல் திறந்தேதான் இருக்கும். எலும்புக்குள் முறுக்கி இறக்கும்போது பூச்சு உரியாமல் இருக்குமா என்பதும் முக்கியம். ஒரு காலத்தில் பரபரப்பாக வந்த ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் இருக்கும் தாது) பூச்சுகள், சில இடங்களில் உரிந்து பெயரைக் கெடுத்துக்கொண்டன.

ஈறு நோயைக் குணப்படுத்தாமல், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல், சிகரெட்டை விடாமல் இம்ப்ளான்ட் வைத்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. இது தெரிந்த விஷயம்தான்.

அதிகம் பேசப்படாத குற்றவாளி, இம்ப்ளான்டின் மேல் மாட்டும் செயற்கைப் பல்லான கேப்பை ஒட்டும் சிமென்ட். ஒட்டும்போது பிதுங்கும் துளி ஈறுக்கடியில் தங்கிவிட்டால், சொரசொரப்பான அந்தத் துணுக்கு கிருமிக்கு நல்ல குடியிருப்பு. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் அறிகுறி காட்டிய இம்ப்ளான்டுகளை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதை எடுத்ததும் பெரும்பாலானவற்றில் அறிகுறி மறைந்தது. திருகி மாட்டும் கேப் உங்களுக்குப் பொருந்துமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட இதற்குக் கொடுப்பது மேல்.

பராமரிப்பிலும் சறுக்கல் உண்டு. கிளீனிங்கின்போது சாதாரண ஸ்டீல் கருவியால் சுரண்டினால் பூச்சும் போகும், மேற்பரப்பில் கீறலும் விழும். டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக் முனை, காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கிளைசின் பவுடர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டில் பல்லிடுக்கு பிரஷ் வாங்கும்போது நடுக்கம்பி பிளாஸ்டிக் உறை போட்டதாக இருக்கட்டும். திருகின் சொரசொரப்பான மரை வெளியே தெரிகிறவர்கள் ஃபிளாஸ் நூலைத் தவிர்ப்பது நல்லது. நார் பிய்ந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

வலி வந்தால் போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. பிரஷ் பட்டதும் ரத்தம், லேசான சீழ், இவைதான் முன்னறிவிப்பு. கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அதுதான் வேண்டும். அது இல்லாதபோது, ரத்தக் கசிவோடு, ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான குழியும், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இறக்கமும் இருந்தால் நோய் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதற்குள் எலும்பு நிறையவே போயிருக்கும்.