சத்தம் குறைந்தால் சந்தேகப்படுங்கள்: மெர்சிடிஸ் 240டி-க்கு டேப்பட் அட்ஜஸ்ட் செய்யும் முறை

டபிள்யூ 123 வரிசை மெர்சிடிஸ் 240டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், முதல் பழி ஹீட்டர் பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) மேல் விழும். அடுத்தது பேட்டரி. அதற்கும் அடங்கவில்லை என்றால் இன்ஜெக்டரைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவார்கள். கை நிறையச் செலவான பிறகுதான் யாராவது, "டேப்பட் எப்போ பார்த்தீங்க?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். சுற்றும் கேமுக்கும், அது அழுத்தி வால்வைத் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியைச் சரிசெய்வதுதான் டேப்பட் அட்ஜஸ்ட். ஒரு கேஸ்கெட்டும் ஒரு காலைப்பொழுதும் போதும் இந்த வேலைக்கு.

240டி-யில் இருப்பது ஓஎம் 616 என்ற 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின். 300டி-யின் ஐந்து சிலிண்டர் ஓஎம் 617 இதன் அண்ணன். இரண்டிலும் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது, இடைவெளியை நாம்தான் வைக்க வேண்டும். பெட்ரோல் ஸ்கூட்டரிலும் பைக்கிலும் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டேப்பட் கெட்டால் 'டக் டக்' என்று சத்தம் வரும் என்று காத்திருப்பார்கள். இந்த இஞ்சினில் நடப்பது நேர்மாறானது. ஓட ஓட வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) தேயும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் ஏறும். இடைவெளி குறையும், கூடவே சத்தமும் குறையும். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது என்று ஓட்டுபவர் மகிழும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடும் வால்வு) முழுதாக மூடாமல் நிற்கும்.

அதில் இரண்டு கேடு. கம்ப்ரஷன் 21:1, அதாவது காற்றை 21-இல் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துவது, டீசலைப் பற்றவைக்கும் சூட்டுக்காக வைத்தது. வால்வு வழியே காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. குளிர்ந்த இஞ்சின் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்து, அரை நிமிடம் கழித்துத்தான் சமாதானமாகும். இரண்டாவது, எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் இறக்குவது அது மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகும்.

கணக்கு சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. வாங்கிய வண்டியின் சரித்திரம் தெரியவில்லை என்றால் கிலோமீட்டர் பார்க்காதீர்கள். ஆயில் மாற்றும் அன்றே இதையும் செய்துவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. வளைந்த 14 மி.மீ. ஸ்பேனர் இரண்டு, ஃபில்லர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), இஞ்சின் முன்னாலுள்ள கிராங்க் போல்ட்டுக்கு 27 மி.மீ. சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும், புது வால்வு கவர் கேஸ்கெட். ஸ்பேனர்தான் சிக்கல். நேரான ஸ்பேனர் நட்டைப் பிடிக்கும், ஆனால் திருப்ப இடமிருக்காது. இதற்கென்றே வளைத்துச் செய்த ஜெர்மன் ஸ்பேனர்கள் உண்டு. கிடைக்காவிட்டால் மெல்லிய வாயுள்ள 14 ஸ்பேனர் இரண்டை வாங்கிப் பட்டறையில் சூடு காட்டி வளைத்துக்கொள்ளலாம். வாயில் சூடு ஏறினால் பதம் போய்விடும், கழுத்தில் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊரில் ஒரு வசதி. ஓஎம் 616 இஞ்சினை உரிமம் பெற்று பஜாஜ் டெம்போ (இப்போது ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) இங்கேயே செய்து டிராக்ஸ் வண்டிகளில் போட்டது. பழைய டிராக்ஸ் பார்த்த மெக்கானிக்குக் கை இந்த ஹெட்டில் தானாகப் போகும். மெர்சிடிஸ் பெயர்ப்பலகை உள்ள கடையைத் தேடுவதைவிட அவரைத் தேடுவது பல நேரம் பலன் தரும். பார்ட் வாங்கும்போது மட்டும் பழையதைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் தொடங்குவதே நல்லது. ஆறிய இஞ்சினுக்கு அளவு: இன்டேக் (காற்றை உள்ளே விடும் வால்வு) 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. டர்போ உள்ள 300டி என்றால் எக்ஸாஸ்ட் 0.35.

வால்வு கவரின் மேல் ஆக்சிலரேட்டர் லிங்க் ஓடுகிறது. பிளாஸ்டிக் முனைகளை நெம்பாமல் நேராக இழுத்துக் கழற்றுங்கள், வயதானவை, உடையும். மூச்சுக்குழாயையும் எடுத்துவிட்டு, நட்டுகளைக் கழற்றி, கவரைத் தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் போதும்.

இனி எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று முடிவு செய்ய வேண்டும். மொத்த வேலையிலும் பெரிய தப்பு நடக்கும் இடம் இதுதான். இரண்டு மேனிஃபோல்டும் (காற்று வரும் குழாய்த் தொகுதியும் புகை போகும் குழாய்த் தொகுதியும்) வண்டியின் வலப்பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் எளிது. ஒவ்வொரு வால்வுக்கும் நேரே எந்தக் குழாய் வந்து சேர்கிறது என்று பார்த்து ஹெட்டில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்தை நம்பாதீர்கள். எக்ஸாஸ்ட்டுக்கு 0.10 வைத்துவிட்டால் நீங்களே அந்த வால்வைக் கருக்குகிறீர்கள்.

இஞ்சினைச் சுற்ற 27 சாக்கெட்டை கிராங்க் போல்ட்டில் மாட்டி, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் ஓடும் திசையில் சுற்றுங்கள். கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைப் பிடித்துச் சுற்றுவதோ, பின்னோக்கிச் சுற்றுவதோ கூடாது. செயினும் டென்ஷனரும் அதற்காகச் செய்தவை அல்ல. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் எதிர்க்காது, கை நோகாது. கழற்றிய கையோடு அவற்றையும் மீட்டரில் சோதித்துக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டிய வால்வின் கேம் மூக்கு (கேமின் நீண்ட முனை) ராக்கரை விட்டு விலகி மேல்நோக்கி நிற்கட்டும். கேஜை நுழைப்பது கேமின் வட்டமான முதுகுக்கும் ராக்கர் தேயும் முகத்துக்கும் நடுவில். வால்வு தலைக்கும் ராக்கருக்கும் நடுவில் அளக்கக் கூடாது. சரியான தகடு லேசாகப் பிடித்து இழுபட்டு வர வேண்டும், ஒரு படி தடித்த தகடு நுழையவே கூடாது. இழுபடுவதை மட்டும் நம்பினால் ஆளுக்கு ஆள் கை வேறுபடும். இரண்டு தகடு வைத்துப் பார்ப்பது பொய் சொல்லாது.

அளவைத் திருத்தும் முன், இருந்த அளவை ஒரு தாளில் எழுதுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

வால்வுத் தண்டின் உச்சியில் தொப்பி நட்டு, அதன் கீழே லாக் நட்டு, இரண்டும் 14. தொப்பியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டைத் தளர்த்துங்கள். தொப்பியைக் கீழே இறக்கினால் இடைவெளி கூடும், மேலே ஏற்றினால் குறையும். வால்வே சேர்ந்து சுற்றினால் ஸ்பிரிங் தட்டை மூன்றாவது கருவியால் பிடிக்க வேண்டியிருக்கும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும், மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காத வால்வு அட்ஜஸ்ட் செய்யாத வால்வுதான். முதல் வால்வுக்கு இருபது நிமிடம் ஆகும், ஐந்தாவதுக்கு மூன்று நிமிடம். பயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. அந்த வரிசையில் போனால் குறைவாகச் சுற்றினால் போதும்.

தொப்பி நட்டு விரலாலேயே தாராளமாகச் சுற்றுகிறதா? அதை மாற்றுங்கள், ஓடும்போது தளரும். தொப்பியை முழுக்க இறக்கியும் 0.30 வரவில்லை என்றால் சீட் ஆழமாகப் போய்விட்டது. அது ஹெட் வேலை, ஸ்பேனர் வேலை அல்ல.

கவரை மாட்டும்போது பழைய கேஸ்கெட்டை சிலிக்கான் தடவி ஒப்பேற்றாதீர்கள். நட்டுகளை 15 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் கவர் வளைந்து, ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டும். புகை நாற்றம் காருக்குள் வரும்போதுதான் தெரியும்.

ஸ்டார்ட் செய்தால் முன்னைவிடச் சத்தம் கூடியிருக்கும். பதற வேண்டாம், அதுதான் சரியான சத்தம். காலைத் தகராறு இன்னும் தீரவில்லை என்றால் சூடான இஞ்சினில் கம்ப்ரஷன் எடுங்கள். 22 முதல் 24 பார் நல்ல ஆரோக்கியம், 15-க்குக் கீழே போனால் இஞ்சினைத் திறக்க வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. எண்கள் நன்றாக இருந்தால் மட்டுமே இன்ஜெக்டர் பக்கம் போங்கள்.

எழுதி வைத்த தாளைக் கையுறைப் பெட்டியில் போடுங்கள். அடுத்த 24,000-இல் எல்லா வால்வின் இடைவெளியும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வயது. மற்றவை 0.25-இல் நிற்க, ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் 0.15-க்கு வந்திருந்தால், அந்த ஒரு சீட் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வால்வின் இடைவெளியை 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்த்து, ஹெட்டைக் கழற்ற ஒரு மாதத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.