ஜூம்லா 3-இலிருந்து 4-க்கு: ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைத் தொடாமல் மாறுவது எப்படி?

இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்க உதவும் மென்பொருள் ஜூம்லா. அதன் 3-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 ஆகஸ்ட் 17-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இலவசத் திருத்தம் வருவதில்லை. அப்படியிருந்தும் பலர் தங்கள் தளத்தை 3-லேயே வைத்திருப்பதற்குக் காரணம் பயம்: பொத்தானை அழுத்தினால் தளமே போய்விட்டால்?

பயம் நியாயமானதுதான். இது 3.9-இலிருந்து 3.10-க்குப் போவதைப் போன்ற சின்ன அப்டேட் அல்ல. பக்கங்களின் அமைப்புக்கு உதவும் பூட்ஸ்ட்ராப் 2 போய் 5 வந்திருக்கிறது, மூடூல்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு நீக்கப்பட்டுவிட்டது, தளத்தின் தோற்றத்தைத் தரும் பழைய டெம்ப்ளேட்டுகளுக்குப் பதில் புதியவை வந்திருக்கின்றன. ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு ஆவது சில நிமிட வேலைதான். உழைப்பெல்லாம் அதற்கு முன்னால். அதில் அவசரப்படாதீர்கள்.

படி 1: எக்ஸ்டென்ஷன் கணக்கெடுப்பு

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். ஜூம்லாவுக்கு வசதிகளைச் சேர்க்கும் துணை நிரல்தான் எக்ஸ்டென்ஷன். நிர்வாகப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ், மறுபடியும் மேனேஜ் என்று போனால் தளத்தில் உள்ள எல்லாமே பட்டியலாக வரும். ஆசிரியர் பத்தியில் 'ஜூம்லா ப்ராஜெக்ட்' என்று இருப்பவை ஜூம்லாவோடு வந்தவை, அவற்றை விட்டுவிடுங்கள். மீதி அத்தனையும் நீங்களோ, உங்களுக்கு முன்னால் தளத்தைப் பார்த்துக்கொண்டவரோ போட்டவை. அவற்றை ஒரு எக்செல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், எதற்காகப் போட்டது, இப்போது பயன்படுகிறதா, ஜூம்லா 4-க்கு வந்திருக்கிறதா.

கடைசிக் கேள்விக்கு விடை, உருவாக்கியவரின் தளத்தில் கிடைக்கும். வராத எக்ஸ்டென்ஷனுக்கு மாற்று தேடுங்கள், அல்லது அது இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று யோசியுங்கள். பல ஆண்டுகள் ஓடிய தளத்தில் யாரும் பார்க்காத ஸ்லைடரும் எப்போதோ போட்ட கேலரியும் கட்டாயம் இருக்கும். முடக்கி வைத்தால் போதாது, அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். சுமை குறையக் குறைய மாற்றம் எளிதாகும்.

பட்டியலில் 'சிஸ்டம்' வகை பிளகின்களை (பின்னணியில் ஓடும் எக்ஸ்டென்ஷன்களை) தனியாகக் குறித்து வையுங்கள். அவை ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஓடுபவை. புதிய பதிப்புக்கு ஒத்துவராத ஒரே ஒரு சிஸ்டம் பிளகின் போதும், நிர்வாகப் பக்கம்கூடத் திறக்காமல் போக.

படி 2: பேக்கப், அதிலிருந்தே ஒரு நகல்

அகீபா பேக்கப் என்ற எக்ஸ்டென்ஷன் மூலம் கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்ந்த முழு பேக்கப் எடுத்து, உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஹோஸ்டிங்கில் ஒரு சப்டொமைனும் காலி டேட்டாபேஸும் உருவாக்கி, கிக்ஸ்டார்ட் கருவியைக் கொண்டு அந்த பேக்கப்பை அங்கே விரியுங்கள். இனி எல்லாச் சோதனையும் இந்த நகலில்தான். திரும்ப விரித்துப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது; நகல் சரியாக எழுந்து நின்றால் பேக்கப்பும் நல்லது என்று அப்போதே உறுதியாகிவிடும்.

நகலில் உடனே செய்ய வேண்டியவை இரண்டு. குளோபல் கான்ஃபிகரேஷனில் சர்வர் பகுதிக்குப் போய் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சோதனைத் தளத்திலிருந்து உண்மையான உறுப்பினர்களுக்கு அஞ்சல் போய்விடும். அடுத்து, கூகுள் இந்த நகலைப் பட்டியலிடாதபடி கடவுச்சொல் பூட்டு போடுங்கள்.

படி 3: 3.10.12-க்கு வாருங்கள்

ஜூம்லா 3 வரிசையில் இலவசமாகக் கிடைத்த கடைசிப் பதிப்பு இது. இங்கிருந்துதான் 4-க்குத் தாவ வேண்டும். எக்ஸ்டென்ஷன்களையும் புதுப்பித்துவிட்டு, மேனேஜ் பகுதியிலுள்ள டேட்டாபேஸ் பக்கத்தில் பிழை ஏதும் காட்டினால் 'ஃபிக்ஸ்' கொடுங்கள். ஜூம்லா எழுதப்பட்டுள்ள மொழியான பிஎச்பி சர்வரில் 7.4 அல்லது 8.0 ஆக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஜூம்லாவும் அதில் ஓடும்.

இப்போது ஜூம்லா அப்டேட் பகுதியின் ஆப்ஷன்ஸில் அப்டேட் சேனலை 'ஜூம்லா நெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். முன்சோதனைப் பக்கம் வரும். சர்வர் தகுதியையும், எந்த எக்ஸ்டென்ஷன் 4-க்கு ஒத்துவரும் என்பதையும் அது காட்டும். 'தகவல் இல்லை' என்று வந்தால் ஒத்துவராது என்று முடிவு கட்டாதீர்கள். உருவாக்கியவர் அந்த விவரத்தைத் தரவில்லை, அவ்வளவுதான். படி 1-இல் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும்.

படி 4: பொத்தான்

வெளியார் சிஸ்டம் பிளகின்களை முடக்குங்கள். உங்கள் டெம்ப்ளேட்டுக்கு ஜூம்லா 4 வடிவம் இல்லையென்றால் ஜூம்லா 3-உடன் வந்த ப்ரோட்டோஸ்டாரை இயல்பு டெம்ப்ளேட்டாக வையுங்கள். பிறகு அப்டேட் கொடுத்து, முடியும்வரை அந்த ஜன்னலை மூடாதீர்கள்.

முடிந்ததும் லாகின் பக்கம் கலைந்து தெரிந்தால் பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் வந்தால் ஏதோ ஒரு பிளகின் தடுக்கிறது. டேட்டாபேஸைத் திறந்து திருத்த உதவும் பிஎச்பிமைஅட்மினில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று முடியும் அட்டவணையைத் திறந்து, சந்தேகப்படும் பிளகினின் 'எனேபிள்ட்' கட்டத்தில் 1-ஐ 0 ஆக்குங்கள்.

படி 5: 'மாட்யூல் எல்லாம் காணோமே!'

புதிதாக மாறுபவர்கள் அதிகம் கலங்குவது இங்கேதான். மாட்யூல் என்பது மெனு, தேடல் போன்றவற்றைப் பக்கத்தில் ஓரிடத்தில் காட்டும் சிறு பெட்டி. ஒன்றும் அழிந்துவிடவில்லை. ப்ரோட்டோஸ்டாரில் 'பொசிஷன்-7' என்ற இடத்தில் இருந்த மாட்யூலுக்குப் புதிய கேஸியோபியா டெம்ப்ளேட்டில் அப்படி ஓர் இடமே இல்லை, அதனால் தெரியவில்லை. மாட்யூல் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் புதிய இடம் கொடுங்கள்: பக்கவாட்டில் இருந்தது 'சைட்பார்-ரைட்', மேல் மெனு 'மெனு' என்பதுபோல.

சிஸ்டம் பகுதியில் டேட்டாபேஸ் பக்கத்தை மறுபடி பாருங்கள். பழைய தேடல் வசதி ஜூம்லா 4-இன் அடிப்படைத் தொகுப்பில் இல்லை. ஸ்மார்ட் சர்ச்சுக்கு மாறி ஒருமுறை இண்டெக்ஸ் செய்யுங்கள். தமிழ்த் தளமென்றால் 'யுனிகோட் அலியாஸ்' அமைப்பு முன்பிருந்தபடியே இருக்கிறதா என்று கவனியுங்கள். அது அணைந்திருந்தால் புதிய கட்டுரைகளின் முகவரியில் தமிழ்த் தலைப்பு வராது, தேதியும் நேரமும் எண்களாக வந்து நிற்கும்.

படி 6: உண்மையான தளம்

செய்ததையெல்லாம் வரிசையாகக் குறித்திருப்பீர்கள். எப்போதாவது மட்டும் பதிவு வரும் தளமென்றால், பூட்டைக் கழற்றி, மின்னஞ்சலைத் திறந்துவிட்டு, நகலையே பேக்கப் எடுத்து மூலத் தளத்தின் இடத்தில் விரித்துவிடலாம். தினமும் பதிவோ ஆர்டரோ வரும் தளத்துக்கு அது ஆகாது. இடையில் வந்தவை தொலைந்துபோகும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் தளத்தை ஆஃப்லைனில் வைத்து, புதிதாக ஒரு பேக்கப் எடுத்து, குறிப்பைப் பார்த்து எல்லாப் படிகளையும் மூலத் தளத்திலேயே செய்யுங்கள்.

4-லேயே நின்றுவிடாதீர்கள், அதற்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 4.4-இலிருந்து 5-க்குப் போக பிஎச்பி 8.1-ஆவது வேண்டும், 6-க்கு 8.3. மாட்யூல் இடங்களை மாற்றியதைப் போன்ற பெரிய வேலை 4-இலிருந்து 5-க்குப் போகும்போது இருக்காது. ஆனால் ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் பேக்கப், நகல், முன்சோதனை மூன்றும் கட்டாயம்.