மட்டக்குதிரையைப் பெரிய குதிரை விரட்டினால்

ஊட்டியில் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பெரிய குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. காதைப் பின்னால் மடக்கி முறைப்பது சகஜம், அதில் தலையிட வேண்டாம். ஒன்றைத் தீனிக்கும் தண்ணீருக்கும் அண்டவிடாமல் விரட்டினால்தான் கவலை.

சண்டை பெரும்பாலும் தீனியில்தான் தொடங்கும். நான்கு குதிரை இருந்தால் காய்ந்த புல்லை ஐந்து குவியலாக, நல்ல இடைவெளி விட்டுப் போடுங்கள். விரட்டப்பட்டது அடுத்த குவியலுக்குப் போய்விடும். கொள்ளு வைக்கும்போது மட்டும் தனித்தனியாகக் கட்டிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி வேலி மூலையில் இருக்கவே கூடாது. அங்கே மாட்டிக்கொண்ட மட்டக்குதிரை தப்ப வழியில்லாமல் உதை வாங்கும், பாவம்.

புதிதாக வந்ததை முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் விடுங்கள். மோந்து பார்த்துப் பழகட்டும். அப்புறம் சாதுவான ஒன்றோடு சேர்த்துவிடலாம். சவாரிக்குப் போகாததற்குப் பின்கால் லாடத்தைக் கழற்றிவிட்டால் காயம் குறையும்.

அதற்கும் அடங்கவில்லையா? அடிக்கிற குதிரையைச் சில நாள் பிரித்து வையுங்கள், மற்றவை கண்ணில் படும் தூரத்திலேயே.